சக்கரம் வைத்த வீட்டின் அக்னி மூலை

மாமியாரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மருமகள்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் என் மாமியாரை நிஜமாகவே தூக்கியவள். தரையிலிருந்து நாலடி உயரம், சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மடியில் தேங்காய்த் தட்டோடு. இறக்கியதும் நான்தான். அது மட்டும் கொஞ்சம் வேகமாக நடந்துவிட்டது. தெருவே சொல்லிச் சிரித்து முடித்த கதையை நான் ஒருத்தி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று இப்போது எழுதுகிறேன்.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரி நான். டிப்ளமோ முடித்த கையோடு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, ஒரே அறையில் எட்டுப் பெண்களாகக் குடியிருந்து, எலக்ட்ரிக் கார்களுக்குப் பேட்டரி கோர்க்கும் லைனில் ஏழு வருடம் நின்றேன். (நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார நாற்காலி கிடையாது.) நடுவில், கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டிய மண்ணூர் ஏழுமலையைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால் தென்னை மரங்களோடு ஒரு காலி இடமும், வீட்டுக்குள் அவர் அம்மா அஞ்சலை அத்தையும் இருந்தார்கள். காலி இடத்தில் எதைச் செய்வதானாலும் அத்தையின் சம்மதம் வேண்டும்.

அந்தச் சமயம் ஒரகடத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். அங்கே ஷிஃப்டுக்குப் போகும் பிள்ளைகளில் பாதிப்பேர் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வைத்திருந்தார்கள். அதில் பாதி, பேட்டரி செத்துச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. ஓடாத ஸ்கூட்டர் கடைக்கு வராது. கடைதான் அதைத் தேடிப் போக வேண்டும். சக்கரம் வைத்த ஒரு பட்டறை இருந்தால்? உள்ளே வேலை மேசை, டெஸ்ட் செய்யும் கருவிகள், அத்தனைக்கும் கரண்ட் கொடுக்கப் பழைய கார் பேட்டரிகள். இந்த யோசனையை வார்டன் கிரேஸ் மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை. "வண்டியை முதல்ல காட்டுங்க. எனக்குப் பிடிச்சா எங்க ஸ்கூட்டர் ரிப்பேர் மொத்தமும் உங்களுக்கு" என்றார்.

அவ்வளவுதான், ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். (யாரும் கேட்காமலேயே, ஒரு பக்கத்துக்கு நன்றி எழுதி.) மாதக் கடைசிக்குள் மனசு மாறினால் திரும்பி வரலாம், அதற்கப்புறம் என் இடத்தில் வேறு ஆள் என்று சூப்பர்வைசர் சொன்னார். அதனால் கிரேஸ் மேடம் வந்து பார்க்கும் நாளை மாதக் கடைசிக்கு முந்தின நாளாக வைத்துக்கொண்டேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் மறுநாள் காலை பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு லைனில் போய் நிற்க வேண்டும். ஏழு வருடம் நின்ற கால் அதற்குச் சம்மதிக்கவில்லை.

வண்டி கிடைத்தது. சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுப்பார்களே, அந்த மாதிரி ஒரு கேரவன். மோட்டார் இல்லாதது, இன்னொரு வண்டிதான் இழுக்க வேண்டும். நடுவில் ஒரு ஜோடி டயர், முன்பக்கம் ஒரு பெரிய ஜெனரேட்டர், உள்ளே சுற்றிலும் பல்பு வைத்த மேக்கப் கண்ணாடி. கண்ணாடியைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. (இன்றைக்கும் ஸ்கூட்டர் ரிப்பேருக்கு வரும் பிள்ளைகள் முதலில் அதில் தலை வாரிக்கொண்டுதான் பிரச்சினையையே சொல்கிறார்கள்.)

பேட்டரி, பழைய வண்டிகள் உடைக்கும் யார்டு ஒன்றில் கிடைத்தது. முன்பக்கம் அப்பளமாக நொறுங்கிய ஒரு எலக்ட்ரிக் கார். ஆனால் தரைக்கடியில் இருந்த பேட்டரிக்கு ஒரு கீறல் இல்லை. ஆள் வைத்து இறக்கிப் பிரித்தேன். உள்ளே அடுக்கியிருந்த பேட்டரிக் கட்டைகளை ஒவ்வொன்றாகச் சார்ஜ் ஏற்றி, இறக்கி, சூடு பார்த்து, நல்லதை மட்டும் பொறுக்கினேன். இரும்புப் பெட்டி, காற்றுப் போக வழி, ஃப்யூஸ், அவசரத்துக்கு அணைக்கச் சிவப்பு சுவிட்ச். முடுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் பெயின்டால் ஒரு கோடு. கம்பெனிப் பழக்கம் போகுமா? அறுபத்து நாலு பாயின்டில் ஒரு செக் ஷீட் தயாரித்து, லேமினேட் செய்து, கதவில் மாட்டினேன். வண்டி ஓடும்போது பாத்திரம் நகரக் கூடாதென்று அடுப்பைச் சுற்றி ஒரு வளையம்கூடப் பற்றவைத்தேன். அது நாற்பத்தொன்றாவது பாயின்ட். இவ்வளவு உஷாரான ஒருத்தி எப்படிக் கவிழ்வாள் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதையேதான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அத்தை வந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா முத்து, உள்ள அடுப்பெல்லாம் கீதா?"

"டீ போட ஒரு கரண்ட் அடுப்பு இருக்கு அத்தே."

"வூடுன்னா அக்னி மூலைல தான் அடுப்பு இருக்கணும். நம்ம வூட்ல அப்படித்தான் கீது."

அவர் சொன்னது அவ்வளவுதான். சொல்லிவிட்டுத் துணி எடுக்கப் போய்விட்டார். ஆனால் எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அத்தையை இன்னும் கொஞ்சம் குளிர வைத்தால், தென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட்டும் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? காலி இடத்தில் வண்டியின் மூக்கு மேற்கே, தெருப்பக்கக் கேட்டைப் பார்த்து நின்றது. அப்படியானால் தென்கிழக்கு, வண்டியின் பின்பக்கம் இடது கோடி. அடுப்பு மட்டும் என்ன, நெருப்புக்குச் சொந்தமான எல்லாமே அங்கேதான் என்று முடிவு செய்து, முந்நூறு கிலோ பேட்டரியையும் கொண்டுபோய் அந்தக் கோடியில் வைத்தேன். பெட்டிக்கு இடம் போதவில்லை. அதனால் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் இரண்டு இரும்புக் கால்களை அறுத்து எடுத்தேன். (ஆமாம், நானேதான். கண்ணாடி போட்டுக்கொண்டு, பாதுகாப்பாக அறுத்தேன்.)

கிரேஸ் மேடம் வரும் நாளிலேயே புது வண்டிக்குப் பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள், முன்பக்கத்து ஜெனரேட்டரையும் இறக்கிவிட்டேன். "இனிமே இது எதுக்கு? நம்மகிட்ட பேட்டரி இருக்கு" என்று ஏழுமலையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சக்கரத்தைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "கரீட்டா இருக்குமா முத்து?" என்று கேட்டார். நான் செக் ஷீட்டைக் காட்டினேன். லேமினேட் செய்த காகிதத்தோடு யார் வாதாட முடியும்?

அந்த நாளும் வந்தது. வாசலில் மைக் செட்டில் பக்திப் பாட்டு. கிரேஸ் மேடம் சொன்ன நேரத்துக்கு வந்தார். பால் காய்ச்சுவதைப் பார்க்கத் தெருப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். அதுவரை கேரவனைப் பிடித்துக்கொண்டிருந்த லோடு வண்டியை, நாற்காலி எடுத்துவர வேண்டும் என்று ஏழுமலை கழற்றி ஓட்டிப் போய்விட்டார். முன்பக்கத்தைத் தாங்க இப்போது ஒரு சின்னச் சக்கரம் மட்டும்தான்.

அத்தையைச் சிறப்பு விருந்தினராக, மடியில் தேங்காய்த் தட்டோடு, வண்டியின் முன்கோடியில் வேலை மேசைக்கு முன்னால் உட்காரவைத்தேன். எனக்கென்று ஆசை ஆசையாக வாங்கிய, ஐந்து சக்கரம் வைத்த சுழல் நாற்காலி அது. அடுப்பில் பாலை வைத்தேன். அந்த நொடியில் தெருவில் கரண்ட் போனது. மைக் செட் பாதிப் பாட்டில் நின்றது. வண்டிக்குள்ளோ ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, மேக்கப் கண்ணாடியின் பல்புகள் எரிந்துகொண்டே இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"மேடம், பாத்தீங்களா? ஊருக்கே கரண்ட் இல்ல, நமக்கு இருக்கு! பேட்டரியப் பக்கத்துல வந்து பாருங்க. எல்லாரும் வாங்க! ஏன் வாசல்லயே நிக்கிய? உள்ள வாங்க!"

வந்தார்கள். ஐந்து பேரும் பின்கோடிக்கு வந்தார்கள். ஆறாவதாக நான்.

முதலில் வண்டிக்கடியில் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் தரை எங்கள் காலுக்குக் கீழே மெதுவாக, மிக மரியாதையாக இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். முன்கோடியில் அத்தை உயரே போய்க்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த எதிர்வீட்டு மாடி கீழே இறங்கி மறைந்தது. அத்தையின் முகத்தில் பயம் இல்லை. ராட்டினத்தில் முதல் சுற்று வரும் முகம்.

"முத்து, நான் மேல போறேனே!" என்றார்.

போனவர் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் நாற்காலிக்கு ஐந்து சக்கரம், தரைக்கு நான் ஒட்டிய வழவழ விரிப்பு, அதையும் காலையில்தான் துடைத்துப் பளபளப்பாக்கியிருந்தேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கேரவனின் முழு நீளத்துக்கும் அத்தை சறுக்கி வந்தார். வழியில் "நவுருங்கம்மா! நவுருங்கம்மா!" என்று ஹாரன் வேறு. நேராக வந்து கிரேஸ் மேடத்தின் மடியில் முடிந்தார். மேடம் என் மேல் விழுந்தார். மற்றவர்கள் மிச்சமிருந்த இடங்களில் விழுந்தார்கள்.

வளையத்துக்குள் பாத்திரம் அசையவில்லை. ஆனால் வண்டியே சாய்ந்தால் பால் என்ன செய்யும்? விளிம்பு தாண்டி வழிந்தது. நல்லவேளை, அது இன்னும் சூடாகக்கூட ஆரம்பிக்கவில்லை. ஜில்லென்று என் தலையில் இறங்கியது.

"பொங்கிச்சி! பாரு, கெயக்கால பொங்கிச்சி!" என்று குவியலின் உச்சியிலிருந்து அத்தை கத்தினார். கிழக்குப் பக்கம் பால் பொங்கினால் நல்ல சகுனமாம். கொதிக்காமலேயே பொங்கிய பாலை எங்கள் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது. தெருப் பெண்கள் விழுந்த நிலையிலேயே குலவை போட்டார்கள்.

நான் அடியில் கிடந்தேன். சிவப்பு சுவிட்சைத் தட்டக் கை நீட்டியபோதுதான் பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. புகை இல்லை. கோடு போட்ட ஒரு நட்டுகூட நகரவில்லை. சுவிட்சைத் தட்டாமல் விட்டேன். ஆனாலும் மனசு உடைந்து போனது. நாளைக் காலை லைன், பழைய சட்டை, ஏழு வருடம் நின்ற அதே இடம்.

என் தோளுக்கு மேலிருந்து கிரேஸ் மேடத்தின் குரல் வந்தது.

"முத்துலட்சுமி, ஃபேன் இன்னும் ஓடுதா?"

"ஓடுது மேடம்."

"லைட்டு?"

"எரியுது மேடம்."

"தெருவுல கரண்ட் வந்துடுச்சா?"

வெளியிலிருந்து யாரோ, "இன்னும் வர்லம்மா!" என்றார்கள்.

மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். (அத்தை மடியில் இருந்ததால் வேறு எதுவும் செய்ய முடியாது.) "அப்ப திங்கட்கிழமை ஹாஸ்டலுக்கு வந்துடுங்க. இவ்வளவு ஆகியும் அணையலைன்னா வயரிங் நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க. ஆனா ஒண்ணு, நான் உள்ளே ஏற மாட்டேன். கையெழுத்தெல்லாம் வெளியில்தான்."

தலையெல்லாம் பால், முதுகில் இரண்டு பெரியவர்கள், மூக்கில் யாருடைய கொலுசோ. அப்படிக் கிடந்தபடி நான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. (ஏழுமலை இதைப் படிக்க மாட்டார்.)

அவர் அப்போதுதான் நாற்காலிகளோடு திரும்பி வந்தார். வானத்தைப் பார்த்து நின்ற கேரவனைப் பார்த்துக் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மே இது? ராக்கெட் வுட்டுகினு கீறியா?"

ஒரேயடியாக இறங்கினால் வண்டியின் மூக்கு தொம்மென்று விழும். இதை நான் விளக்குவதற்குள் அத்தை பொறுப்பெடுத்துக்கொண்டார். "ஏழுமல, கவுறு போட்டு மூக்கப் புடி. இங்க கீறவங்க ஒவ்வொருத்தரா மேல ஏறுங்க. தள்ளாதீங்க!" மேசை விளிம்பைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராக முன்பக்கம் ஏறினோம். வெளியே தெருவே கயிற்றில் தொங்கியது. நாலாவது ஆள் ஏறியதும் வண்டி பெருமூச்சு விட்டுத் தரைக்கு வந்தது. அத்தை இறங்கி, தட்டில் இருந்த தேங்காயை எடுத்து வாசலில் உடைத்தார். அவ்வளவு சறுக்கலிலும் அதைக் கீழே விட்டிருக்கவில்லை.

சாயங்காலம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சிருங்க அத்தே. உங்களுக்குப் பிடிக்கட்டும்னுதான் எல்லாத்தையும் அக்னி மூலையில வச்சேன்."

"நான் வூட்டுக்குத்தான சொன்னேன்?" என்றார் அத்தை. "இதுக்குத்தான் சக்கரம் கீதே. கேட்டாண்ட திரும்பினா மூலையும் கூடவே திரும்பிப் பூடாது? எனுக்கு அன்னிக்கே தோணிச்சி. செரி, படிச்ச பொண்ணு, ஏதோ கணக்கு வெச்சிருப்பன்னு கம்முனு இருந்துட்டேன்."

டிப்ளமோ வாங்கிய நான் எழுந்து, வண்டிக்குள் சிந்திய பாலைத் துடைக்கப் போனேன். மறுநாள், மாதத்தின் கடைசி நாள், கம்பெனிக்குப் போகாமல் பேட்டரியை டயருக்கு நேர் மேலே நகர்த்தினேன். அறுத்த கால்களைத் திரும்பப் பற்றவைத்தேன். திங்கட்கிழமை ஒரகடம் போனோம். சுவரோரம் சாய்ந்து கிடந்த ஸ்கூட்டர்களில் அன்றைக்கே ஐந்து எழுந்து ஓடின. மேடம் வாசலில் நின்றே கையெழுத்துப் போட்டார். இன்றுவரை அவர் உள்ளே ஏறியதில்லை.

தென்னைக்கு அந்தப் பக்கம் ஷெட் வந்துவிட்டது. அதில் இரண்டாவது கேரவன் தயாராகிறது. அத்தையும் தினம் என்னோடு வேலைக்கு வருகிறார், டோக்கன் கொடுப்பது அவர்தான். கதவில் அதே செக் ஷீட்தான் தொங்குகிறது. ஆனால் அறுபத்து நாலுக்குக் கீழே, லேமினேஷன் மேலேயே, அழியாத மார்க்கரில் அத்தையின் கோணல் எழுத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: '65. அத்தை எங்க கீறாங்க?'

எந்த ஊரில் வண்டியை நிறுத்தினாலும், கதவைத் திறப்பதற்கு முன்னால் நான் வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் குரல் கொடுப்பேன். ஹாஸ்டல் பிள்ளைகள் இதற்காகவே காத்திருந்து சிரிப்பார்கள்.

"அத்தே, எங்க இருக்கிய?"

"கீய, தரையிலதான் கீறேன். டிக் போட்டுக்கோ!"