வெல்பர்னை விட்டுக்கொடுக்க அனுமதி வேண்டி

யங்ஸ்டவுன், ஒஹாயோ
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

செர்வென்கா குடும்ப ஃபுட்பால் ஃபேன்டஸி லீகின் மாண்புமிகு கமிஷனர் அவர்களுக்கு, அதாவது என் அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி எமில் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மார்லீனும் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தான் இன்னமும் கூரைமேல் ஏறி இலை வாருகிறாராம்; வயதுக்குத் தகுந்தபடி கீழேயே நின்று குறை சொல்லச் சொல்.

விஷயத்துக்கு வருகிறேன். என் அணியின் குவார்ட்டர்பேக் டாரியஸ் வெல்பர்னை என் மகன் நீலுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவனுடைய கிழட்டு கிக்கர் ஹால்வர்சனை வாங்கிக்கொள்ளச் சம்மதித்து, இன்று காலை ஃபோனில் பட்டனை அழுத்திவிட்டேன். ஒருதலைப்பட்சமான வியாபாரம் என்று சந்தேகம் வந்தால் காகிதத்தில் விளக்கம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் வீட்டோ போட்டு ரத்து செய்வாய் என்பது நீ கோர்ட் ஆபீஸில் இருந்த காலத்துப் பழக்கத்தில் போட்ட விதி. பல் டாக்டர் ராண்டலும் அவன் பெண்டாட்டியும் செய்த வியாபாரத்தையே "வீட்டுக்குள் கூட்டுச்சதி" என்று கிழித்துப் போட்டவள் நீ. ஆகவே இந்த விளக்கம்.

மார்லீனுக்கு இந்த ஆட்டத்தை நான் கல்யாணமான நாளிலிருந்து விளக்கி வருகிறேன். நிஜ ஆட்டக்காரர்களை நாம் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவர்கள் எவ்வளவு கிழிக்கிறார்களோ அவ்வளவு புள்ளி நமக்கு. "அப்போ அடிபடறது அவங்க, சோபால உக்காந்து கத்தறது நீங்க, புள்ளி மட்டும் உங்களுக்கா?" என்கிறாள். அதேதான். வேறெப்படி விளக்குவது?

இப்போது வெல்பர்னின் மதிப்பு. குவார்ட்டர்பேக்கின் வேலை பந்தை எறிவது. எறிய ஆள் அகப்படாவிட்டால் மற்ற குவார்ட்டர்பேக்குகள் பந்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். இந்தப் பயல் ஓடுகிறான். எறிந்து, பந்தைக் கடைசிக் கோட்டைத் தாண்டவைத்து டச்டவுன் போட்டால் நாலு புள்ளி, தானே ஓடிப் போய்ப் போட்டால் ஆறு என்று நம் லீகில் விதி இருக்கிறது. ஓடிக் கடக்கிற தூரத்துக்கும் எறிகிற தூரத்தைவிட இரட்டிப்புக்கு மேலே கிடைக்கிறது. எறியவும் ஓடவும் தெரிந்தவன் வீட்டில் இருந்தால் இரண்டு சம்பளம் வருகிற மாதிரி. அவன் ஓரக்கோட்டை ஒட்டிப் பறக்கும்போது நான் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றுகிறேன், அக்கா. அவ்வளவு அழகு.

அழகு கிடக்கட்டும், குறைகளைப் பார். வயது இருபத்திரண்டு, உடம்பில் பயம் என்பது மருந்துக்குக்கூடக் கிடையாது. வழுக்கி உட்காரடா என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்துகிறார், இவன் போய் மாட்டுவண்டி மாதிரி இருக்கிற ஆட்களின் தோளில் முட்டுகிறான். ஒருநாள் முட்டி கழன்றுவிடும், என் புள்ளிகளும் ஸ்ட்ரெச்சரில் போகும். எறிவதும் அப்படித்தான், போன வாரம் பந்து, தனியாக நின்று கையாட்டியவன் தலைக்கு மேலே போய்த் தண்ணீர் கொடுக்கிறவருடைய மடியில் விழுந்தது. ஹால்வர்சனைப் பார். வயது நாற்பத்தொன்று. வருவார், ஒரு உதை உதைப்பார், போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சட்டையில் அழுக்குப் படாது. கிக்கருக்காக யாரும் வியாபாரம் பேசுவதில்லை என்பாய். மனிதர்கள் மாறக்கூடாதா?

நீ நம்பப் போவதில்லை. அதனால் உண்மையையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரல் மாதம் நீல் வேலையை விட்டுவிட்டு கொலம்பஸில் நர்ஸ் படிப்புக்குப் போனது உனக்குத் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொண்டதும் தெருவுக்கே தெரியும். அதன்பின் ஒரு வார்த்தை கிடையாது. என் வேனில் "செர்வென்காவும் மகனும், ஹீட்டர் பழுது பார்க்கப்படும்" என்றுதான் இன்னமும் இருக்கிறது. மகன் எங்கே என்று கேட்கிறவர்களிடம் சாமான் வாங்கப் போயிருக்கிறான் என்கிறேன். செப்டம்பரில் முதல் வாரப் புள்ளிகள் எண்ணி முடிந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஃபோன் அடித்தது.

"அப்பா, அந்த வெல்பர்னை எனக்குக் குடுத்துடேன். எங்கிட்ட ஒரு கிக்கர் இருக்கான், எடுத்துக்கோ."

"ஏண்டா, மூளை கீளை இருக்கா? குவார்ட்டர்பேக்குக்கு கிக்கரா?"

"சரி, யோசிச்சு வை. அடுத்த செவ்வாய் கூப்பிடறேன்." பிறகு வைக்காமல், "நம்ம வீட்டு ஹீட்டர் இன்னும் சத்தம் போடுதா?" என்றான்.

அன்றிலிருந்து ஒரு செவ்வாய் தவறவில்லை. வெல்பர்னில் ஆரம்பித்து அவனுடைய பரீட்சை, பக்கத்து அறைக்காரனின் நாற்றமடிக்கிற ஷூ, ஊசி போட முதலில் ஆரஞ்சுப் பழத்தில் பழகுவது எல்லாம் பேசுவான். ஒரு தடவை பேச்சு நீண்டு, சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியாமல், வெல்பர்னின் அணிக்கு அந்த வாரம் ஓய்வு என்பதையே மறந்து, வீட்டில் படுத்திருக்கிறவனை ஆட இறக்கிவிட்டேன். பூஜ்யம். அந்த வாரம் எனக்கு எதிராக ஆடியவன் ராண்டல். காலி நாற்காலி ஒன்றைப் படம் பிடித்து வாழ்த்து அட்டை அனுப்பினான், கடன்காரன். அந்தக் கோபத்தில் மறுவாரம் வெல்பர்னை பெஞ்சில் உட்கார வைத்தேன், அவன் மூன்று டச்டவுன் ஓடினான். அன்று நான் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை, மார்லீன் செய்த பியரோகி கொழுக்கட்டை அத்தனையும் நாய் தின்றது.

நேற்று மார்லீன் பிடித்துக்கொண்டாள். "பத்து வாரமா பிள்ளை ஒண்ணே ஒண்ணு கேக்கறான். ஃபோன் நின்னுடுமோன்னு அதைத் தூண்டில் புழு மாதிரி ஆட்டிக்கிட்டே இருக்கீங்க. வெக்கமா இல்ல?" வெட்கமாகத்தான் இருந்தது. சனிக்கிழமையோடு வியாபாரத்துக்குக் கெடு முடிகிறது. அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வருவானா என்று கேட்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. போகட்டும், ஃபோன் நின்றாலும் நிற்கட்டும். கேட்டதைக் கொடுத்தேன் என்று இருக்கட்டும். ஆகவே அனுமதி தா, அக்கா. இதில் சதி இல்லை. அப்பன் மகனுக்குக் கொடுக்கிறான்.

அத்தானுக்கு என் அன்பு. ஆண்டவன் உன் முழங்காலையும் உன் தீர்ப்பையும் நேராக வைக்கட்டும்.

இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எமில் செர்வென்கா

பி.கு.: ஒட்டிய உறையைக் கெட்டில் ஆவியில் காட்டிப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் நீல் பேசினான். "டேய், வெல்பர்ன் உனக்குத்தான். அத்தைக்கு லெட்டரும் எழுதியாச்சு" என்றேன்.

"ஏம்ப்பா குடுத்தே?"

"நீதானேடா பத்து வாரமா உயிரை வாங்கினே!"

"கேட்டா உடனே குடுத்துடறதா? எங்கிட்ட ஏற்கெனவே ரெண்டு நல்ல குவார்ட்டர்பேக் இருக்காங்க. இவனை நான் எங்க வெச்சுக்கறது?"

"பின்னே எதுக்குடா கேட்டே?"

"வேற என்னத்தைச் சொல்லி உனக்கு ஃபோன் பண்றது?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினோம். எனக்கு ஜலதோஷம் என்றேன். அவனுக்கும் ஜலதோஷமாம்.

"அத்தை வீட்டோ பண்ணிடுவாங்களாப்பா?"

"பண்ண வைக்கிறேன்."

"பண்ணட்டும், நான் சும்மா விடமாட்டேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு நேர்லயே வந்து அப்பீல் பண்ணுவேன்."

ஆகையால் கமிஷனர் அவர்களே, மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். வெல்பர்ன் இந்த லீகின் மாணிக்கம். அவனை ஒரு கிக்கருக்குக் கொடுப்பது பகல் கொள்ளை. கொடுத்தவனும் வாங்கியவனும் சேர்ந்தே கேட்டுக்கொள்கிறோம், சனிக்கிழமைக்குள் கடுமையாக நிராகரித்துவிடு. அடுத்த வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் அன்று அவன் வந்து உன்னோடு சண்டை போடுவான். சீக்கிரம் இறங்கி வந்துவிடாதே அக்கா, ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது இழு.