தலையணைக்கு ஒரு நாடு

என் பாசத்துக்குரிய மருமகளுக்கு உன் ஒரே தாய்மாமன் எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், அவளுடைய தலையணைக் கடை அமோகம். என் முழங்கால் மட்டும் இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலேயே முடிவெடுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் மூக்கு, காது குறையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்திருப்பது அத்தனையும் நடக்கும் என்று நான் போன வருஷமே சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதே. சொன்னேன்.

கடையை மூடிவிட்டு ஒரேயடியாக உன்னோடு வந்து இருக்கும்படி உன் அம்மாவுக்குப் பதினைந்தாம் தேதிக்கு டிக்கெட் அனுப்பியிருக்கிறாய். "மாமா, அம்மா வர்றாங்களா இல்லையான்னு பிடி கொடுக்காமப் பேசறாங்க, நீங்களாவது சொல்லுங்க" என்று போனில் கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமா இது? அதனால்தான் இந்தக் கடிதம். சுருக்கமாகச் சொன்னால், வர முடியாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

எல்லாவற்றுக்கும் பிள்ளையார்சுழி போட்டது நீதான். ஜனங்கள் எதை ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதுவதற்கு உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த வேலைக்காகப் பத்து படிவங்கள் அனுப்பினாய். "எந்த நாட்டுப் பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவீர்கள்?" என்று கேள்வி. தெருவில் பத்துப் பேரிடம் கேட்கச் சொன்னாய். நான் ஒருவரிடம் கேட்டேன். மீதி ஒன்பதை நானே பூர்த்தி செய்தேன். தெருவின் மனசு எனக்குத் தெரியாதா, எதற்கு ஒன்பது பேர் வேலையைக் கெடுக்க வேண்டும்? பதில்களில் அபார ஒற்றுமை இருப்பதாக உன் ஆபீஸில் வியந்தார்கள் என்று நீயே எழுதினாய். நான் கர்வப்படவில்லை. நாலு பேரிடம்தான் காட்டினேன்.

அந்த ஒருவர் எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர். படிவத்தைப் பார்த்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, "கத்தின்னா ஒரு நாடு, கடிகாரம்னா வேற நாடு. படுக்கை சாமானெல்லாம் குளிர் நாட்டுக்காரன் பண்ணணும் சார். ஆறு மாசம் போர்த்திட்டுப் படுத்தே கிடக்கிறவனுக்குத் தெரியாதா எது நல்ல தலையணைன்னு?" என்றார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக உன் அம்மா கடைக்கு நேர் எதிரே உட்கார்ந்து கழுத்துவலியோடு வாழ்கிறார். ஒரு நாள் தெருவைக் கடந்து வந்து ஒரு தலையணை வாங்கியதில்லை.

உன் அம்மாவோ, பஞ்சைப் பிரிப்பாள், வெயிலில் காயவைப்பாள், தைப்பாள். பிறகு ஒவ்வொரு தலையணையிலும் மத்தியானம் பத்து நிமிஷம் தன் தலையை வைத்துப் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் அலமாரியில் அடுக்குவாள். "என் தலைக்கு ஒத்துக்காததை அடுத்தவங்க தலையில கட்டறதா?" என்பாள். அப்படிப்பட்டவளின் கடையில் மாதத்துக்கு ஆறு தலையணை போனால் அதிகம். நீ கடையை மூடச் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மருமகளே, தலையணை என்ன பாவம் பண்ணியது? அதற்கு எல்லாம் இருந்தது. ஒரு நாடுதான் இல்லை.

மூன்று டீ குடித்து யோசித்தேன். நிஜ நாடு எதையாவது போட்டால் யாருக்காவது அங்கே ஒரு சித்தப்பா இருப்பார். ஆகவே நானே ஒன்றை உண்டாக்கினேன். ஹோல்ஸ்மார்க். வாய் நிறைய இருக்கிறது பார். அச்சகத்துக்காரரிடம், "எழுத்து சிரிக்காத எழுத்தா இருக்கணும், பக்கத்துல பனிமலை ஒண்ணு போடுங்க" என்றேன். அவரிடம் இருந்த ஒரே மலைப்படத்தில் ஒரு ஆடு நின்றது. "ஆட்டை எடுக்க முடியாதுங்க, எடுத்தா மலையில பாதி போயிடும்" என்றார். சரி, ஆடும் இருக்கட்டும் என்று இங்கிலீஷில் இருநூறு லேபிள் அடித்தேன். உன் அம்மாவிடம், "துவைக்கிற விவரம்க்கா, இப்பல்லாம் இது இல்லாம விக்கக்கூடாது" என்று சொன்னேன். நல்லெண்ணத்தில் சொல்லும் பொய் பொய்க் கணக்கில் சேராது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நானும் பெரியவன்தானே.

மத்தியானம் உன் அம்மா உள்ளே தலை வைத்துப் படுத்திருக்கும் நேரத்தில் கல்லாவில் நான்தான். முதல் தலையணையை மருந்துக்கடைக்காரரே வாங்கினார். மறுநாள் காலை கடை வாசலில் நின்று, சாலையைக் கடக்கிற கோழி மாதிரி கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பன்னெண்டு வருஷ வலி சார், ஒரே ராத்திரி! அந்த நாட்டுக்காரன் வேலைன்னா வேலைதான்!" அவ்வளவுதான், தெருவே திரண்டுவிட்டது. ஹோல்ஸ்மார்க்காரர்கள் அதிகம் பேச மாட்டார்களாம், பஞ்சை எடை போட்டுத்தான் அடைப்பார்களாம். இதெல்லாம் என்னிடமே வந்து சொன்னார்கள். இதைவிடப் பெரிய கூத்தைக் கேள். கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மூலைவீட்டில் இருக்கிறாரே, அவர் லேபிளைக் கையில் வாங்கிப் பார்த்து, "போயிருக்கேன்" என்றார். அந்த நாட்டை உண்டாக்கிய நானே இன்னும் போனதில்லை. "துறைமுகம் சின்னதுதான், ஆனா சுத்தம்னா சுத்தம். எங்க பார்த்தாலும் ஆடு" என்றார். பொய் சொல்வதில் இந்தத் தெருவில் எனக்குச் சமானமாக ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததில் ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் ஆறுதல்.

பத்து நாள் கழித்து மருந்துக்கடைக்காரர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். "சார், இதுல ஒரு தைல வாசனை வருது. இந்தத் தைலத்தை நான்தான் காய்ச்சறேன். தெருவுல ஒரே ஒருத்தங்கதான் வாங்கறாங்க. உங்க அக்கா." படுத்துப் பார்க்கும் தலைக்குத் தலைவலித் தைலம் தடவும் பழக்கம் உண்டு என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. வேறொருவனாக இருந்தால் காலில் விழுந்திருப்பான். நான் கேட்டேன்: "உங்க தைலம் ஹோல்ஸ்மார்க்கில இவ்வளவு பிரபலம்னு இத்தனை நாள் ஏன் சொல்லவே இல்ல?" மனுஷர் அசந்துபோனார். பக்கத்தில் நின்ற கப்பல்காரர் சும்மா இருப்பாரா? "பெட்டி பெட்டியா நானே இறக்கியிருக்கேனே! அவங்களுக்கு நம்ம பக்கத்துச் சரக்குன்னா உயிரு!" என்றார். மறுநாள் மருந்துக்கடையில் புதுப் பலகை: "ஹோல்ஸ்மார்க் மக்கள் விரும்பித் தடவும் தைலம்." விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பலகையை அவர் தமிழில் எழுதியதுதான் வினை. உன் அம்மா படித்துவிட்டாள்.

"ஹோல்ஸ்மார்க் எங்கடா இருக்கு?"

"வடக்கக்கா."

"எதுக்கு வடக்க?"

"எல்லாத்துக்கும் வடக்கக்கா."

உன் அம்மாவிடம் அடி வாங்கி முப்பது வருஷம் ஆகிறது. அன்றைக்குக் கை மட்டும்தான் ஓங்கவில்லை. "அக்கா, உன் பொண்ணு இருக்கிற ஊர்ல, தூரத்து வெயில் நாட்டுல கையால தைச்சதுன்னு எழுதியிருந்தா அள்ளிட்டுப் போறாங்களாம், அவளே எழுதியிருக்கா. அவங்களுக்கு நாம தூரம், நமக்கு அவங்க தூரம், நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்று உன்னைத் துணைக்கு இழுத்தேன். மன்னித்துக்கொள். "என் கையை எவனோ ஊர் பேர் தெரியாதவன் கையின்னு சொல்லிட்டியேடா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நூல் வெட்டும் குட்டிக் கத்தரியை எடுத்துக் கடையில் இருந்த அத்தனை லேபிளையும் வெட்டிப் போட்டாள். ஆடுகள் தரையெல்லாம் சிதறிக் கிடந்தன. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பஸ் நிலையத்துப் பக்கம் இருக்கும் லாட்ஜ் மேனேஜர் வந்தார். "அந்த வெளிநாட்டுத் தலையணை இருக்குங்களா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, "அப்படி ஒண்ணு கிடையாது. இது இந்தத் தெருவுல, இந்தக் கையால தைச்சது. தலை வச்சுப் பாருங்க, பிடிச்சா எடுங்க, இல்லேன்னா வச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கிக் கடை பெஞ்சில் படுத்தார். நாற்பது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. குறட்டை மருந்துக்கடை வரைக்கும் கேட்டது. எழுந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, "எந்த நாடா இருந்தா என்னம்மா, அறுபது தைச்சுக் குடுங்க" என்றார். மருந்துக்கடைக்காரரோ உண்மை தெரிந்த பிறகும் தன் தலையணையைத் திருப்பித் தரவில்லை. "லேபிள்தான் சார் பொய், கழுத்து பொய் சொல்லுமா?" என்கிறார். பலகையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.

ஆகவே மருமகளே, அறுபது தலையணை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிஷம் தலை வைக்க வேண்டும். நீயே கணக்குப் போட்டுக்கொள், பதினைந்தாம் தேதி உன் அம்மா எப்படி வர முடியும்? டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கடை ஓடுகிறது, அவளும் தெம்பாக இருக்கிறாள். சாயங்காலம் என்னைத் திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லையென்றால் எனக்குத்தான் பொழுது போகாது என்பதெல்லாம் இதில் ஒரு காரணமே இல்லை.

நீயும் மாப்பிள்ளையும் கண்பட்டுவிடாமல், கழுத்து சுளுக்காமல், நூறு வருஷம் நிம்மதியாகத் தூங்கி எழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: நான் தபால்தலை வாங்கப் போன இடைவெளியில் உன் அம்மா இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டாள். இப்போது என் தலைக்கு மேல் நின்றுகொண்டு, "எழுதுடா" என்கிறாள். எழுதுகிறேன். பதினைந்தாம் தேதி வருகிறாள். ஆனால் மூன்று மாதத்துக்குத்தான், கடையை மூடப்போவதில்லை. அவள் திரும்பி வரும்வரை மத்தியானம் தலை வைத்துப் பார்க்கும் வேலை என்னுடையது. நேற்று பழகிப் பார்த்தேன், முதல் தலையணையிலேயே சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டி கட்டியாயிற்று, பாதிப் பெட்டிக்கு இரண்டு தலையணைதான். "அந்த ஊர்த் தலையணையை எப்படிடா நம்பறது?" என்கிறாள். இரண்டிலும் லேபிள் இருக்கிறது. நம் தெருப் பெயரும் கதவு எண்ணும், அவளே சிவப்பு நூலில் தைத்தது. லாட்ஜ் மேனேஜர் வந்தது நிஜம், குறட்டை நிஜம். அறுபதுதான் நான் போட்டது. அவர் கேட்டது ஆறு. போன செவ்வாய்க்கிழமையே கொடுத்தாயிற்று.