இங்கு யாரும் குறைக்கப்படமாட்டார்கள்

சங்கரன்கோவிலில் பிடிவாதக்காரர்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனால், ஒரு மனிதரை ஒன்பது துண்டாக நறுக்கிக் கடல் கடந்து அனுப்பச் சம்மதித்து, அவரை ஓர் அங்குலம் சுருக்கி அனுப்ப மட்டும் சம்மதிக்காத பிடிவாதக்காரர் ஒருவர்தான் இருந்தார். ஊர் அவரை ‘முழுசு’ என்று அழைத்தது. அவருடைய இயற்பெயர் எனக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டாரே விழிப்பார்கள் என்பதால், அதை இங்கே எழுதிப் பயனில்லை.

அவர் கடையநல்லூர்க்காரர். ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில், பக்கத்து விசைத்தறியின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டேயிருக்கும் ஓர் அறையில், போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். டிஜிட்டல் கேமராவும் இணையமும் எங்கள் ஊருக்கு வந்தபோது ஒரு கம்ப்யூட்டரையும், டெலிபோன் கம்பியில் மாட்டும் மோடத்தையும் வாங்கிவைத்தார். படம் எடுப்பதோடு அதை ஈமெயிலில் அனுப்பித் தருவதையும் தொழிலாகச் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் வேலைபார்க்கும் வட்டாரம் இது. அந்தத் தொழில் அமோகமாக நடந்திருக்க வேண்டும். நடக்காததற்குக் காரணம் அவருடைய கொள்கை.

அன்றைய படங்கள் கனமானவை. அன்றைய இணையமோ மேடேறும் மாட்டுவண்டி. ஒரு மெயிலோடு எவ்வளவு இணைக்கலாம் என்பதற்கும் வரம்பு இருந்தது. ஆகவே உலகத்தார் அனைவரும் படத்தின் அளவைக் குறைத்து அனுப்பினார்கள். முழுசு மட்டும் மறுத்தார்.

“சுருக்குனா திரும்ப விரியாது சார். போனது போனதுதான்” என்பார்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு அவரே செய்து காட்டுவார். ஒரு முகத்தைச் சுருக்குவார். பிறகு அதைப் பெரிதாக்குவார். கன்னமும் மூக்கும் சதுரம் சதுரமாகப் பிரிந்து நிற்கும்.

“பாத்தீங்களா? இம்புட்டு நேரம் மனுசன் மூஞ்சி. இப்பம் லுங்கி.”

கட்டம் போட்ட துணிக்கு நடுவில் வாழ்கிற ஊரில் இதைவிடத் தெளிவாக ஒரு தொழில்நுட்பத்தை விளக்க முடியாது.

அப்படியானால் படத்தை அனுப்புவது எப்படி? வெட்டித்தான். ஒரு படத்தை நான்காகவோ ஒன்பதாகவோ நறுக்குவார். ஒவ்வொரு துண்டையும் அதன் முழு அளவில், தனித்தனி மெயிலில் அனுப்புவார். பெறுகிறவர்கள் ஒட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். “முழுசா போய்ச் சேரணும், அம்புட்டுத்தான். எத்தன நடையா போனா என்ன?” என்பது அவருடைய வாதம்.

இதனால் விளைந்தவை கொஞ்சநஞ்சமல்ல. மாப்பிள்ளைப் பையன் ஒருவனின் படம் மும்பையிலிருந்த பெண்வீட்டாருக்குச் சென்றது. முதலில் போய்ச் சேர்ந்தது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி. அவர்கள் நாகரிகமானவர்கள். “காலு நல்லாத்தான் இருக்கு; மத்தது வரட்டும், பேசிக்கிடுவோம்” என்று போன் செய்தார்கள்.

வாசுதேவநல்லூரில் நடந்த ஒரு கல்யாணத்தின் குடும்பப் படத்துக்கு நேர்ந்தது இன்னும் மோசம். சவுதியிலிருந்த பிள்ளைக்கு அது ஒன்பது துண்டுகளாகப் புறப்பட்டது. அவன் ஒவ்வொன்றையும் அச்செடுத்து அறையின் தரையில் பரப்பி, உடன் தங்கியிருந்தவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு பொருத்தியிருக்கிறான். எட்டாவது துண்டு மட்டும் வரவில்லை. அதில்தான் பெரிய மாமாவின் தலை இருந்தது. பட்டு வேட்டி, மாலை, மோதிரக் கை எல்லாம் வந்துவிட்டன. கழுத்துக்கு மேலே சவுதித் தரை தெரிந்தது. “பெரிய மாமாவை மட்டும் ஏன் கழிச்சிட்டீங்க? என்ன சண்டை?” என்று அவன் வீட்டுக்குப் போன் செய்தான். பந்தியில் தமக்கு இரண்டாம் முறை பாயசம் வரவில்லை என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு இது போதாதா? அடுத்த பஸ்ஸில் ஏறி ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்.

“வே பாய், எங்கவே என் தலை?”

“தலை அவுட்பாக்ஸ்ல நிக்கி அண்ணாச்சி. லைன் கெடைச்சதும் போயிரும்.”

“அப்பம் உடம்பு?”

“உடம்பு நேத்தே போய்ச் சேந்துட்டு. நல்லா இருக்காம்.”

மாமா வாசலை விட்டு அசையவில்லை. தம் தலை சவுதி போய்ச் சேர்ந்த செய்தி கிடைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, முழுசு வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் பொருளியல் படித்தவன். என் கல்லூரியின் பழைய மாணவர்கள் ஒரு மலர் வெளியிட்டார்கள். தறித்தொழிலும் கூட்டுறவுக் கடனும் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டார்கள், கூடவே புகைப்படமும். கோட்டு, டை அணிந்து முழுசுவின் ஸ்டூடியோவில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் வழக்கப்படி நான்கு துண்டுகள் போயின. மலர்க்குழுவினர் என்ன நினைத்தார்களோ, மூன்றாவது துண்டை மட்டும் அச்சிட்டுவிட்டார்கள். டையின் முடிச்சுக்குக் கீழிருந்து பெல்ட் வரை நான். அதன் அடியில் என் பெயர், பட்டம், வகித்த பதவி.

என் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தாள். “ஏங்க, உங்க ஜாடை அப்படியே இருக்கு” என்றாள்.

நியாயம் கேட்க நான் ஸ்டூடியோவுக்குப் போனேன். முழுசு அந்த மலரை வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பொத்தான்ல போட்டிருக்க நூலு கூட தெரியுது பாத்தீங்களா சார்? சுருக்கியிருந்தா இது கெடைக்குமா?”

அதன்பின் சில வாரங்கள் நான் அவருடன் பேசவில்லை. பேசாமலிருந்தது எனக்குத்தான் சிரமமாக இருந்தது என்பதை அவர் அறியாதவாறு பார்த்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில், எதிர் வரிசையில் முருகேசன் என்ற இளைஞர் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். ‘ஒரே நிமிடத்தில் போட்டோ சைஸ் குறைத்துத் தரப்படும்’ என்று வாசலில் போர்டு வைத்தார். மறுநாள் காலை முழுசுவின் வாசலிலும் ஒரு போர்டு தொங்கியது: ‘இங்கு யாரும் குறைக்கப்படமாட்டார்கள்.’

ஊர் அந்தப் போர்டைப் படித்துச் சிரித்தது. சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குள் நுழைந்தது. முழுசுவிடம் படம் எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து முருகேசனிடம் சுருக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. “எடுத்தது நான். குறைக்கப்போறது அவன். நாளைக்கு ஏதும் கேக்கணும்னா அங்கன போய்க் கேளுங்க” என்று சொல்லித்தான் முழுசு படத்தைக் கொடுப்பார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முழுசுவுக்கு ஒரே மகள், நஸ்ரின். திருநெல்வேலியில் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். மதுரையில் ஒரு கல்லூரியில் மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அவர்கள் குடும்பத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் விடுதியில் தங்கிப் படித்ததில்லை. தாய்மாமன்மார் முதலில் மறுத்தார்கள். பிறகு, இந்த வருஷம் இடம் கிடைத்தால் போகலாம், கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்போம் என்று இறங்கிவந்தார்கள். விண்ணப்பத்தை ஆன்லைனில் மட்டுமே அனுப்ப முடியும். அதன் கடைசி நாளன்று, நஸ்ரின் ஆங்கிலத்தில் எழுதியிருந்த பகுதியைத் திருத்திக்கொடுப்பதற்காக நான் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்தோடு கெடு முடிகிறது.

எல்லாக் கட்டங்களும் நிரம்பின. படத்துக்கான கட்டம் மட்டும் நிரம்ப மறுத்தது. ஐம்பது கேபிக்கு மேல் ஏற்க இயலாது என்று சிவப்பு எழுத்தில் சொன்னது.

முழுசு கலங்கவில்லை. கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“ஐயா, பிள்ளை படம் நாலு பாகமா வரும். ஒட்டிக்கிடுவீங்களா? ... இல்லல்ல, ஒரே பிள்ளைதான், படந்தான் நாலு... ஒட்டத் தெரியலன்னா சொல்லுங்க, நானே மதுரைக்கு வாரேன்.”

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள்.

அடுத்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆளைக் குறைக்கக் கூடாது. ஆளோடு இருக்கும் சுமையைக் குறைக்கலாம். பூவும் கட்டமும் நிறைந்த படம் கனக்கும், வெறும் வெள்ளை கனக்காது என்பது அவருடைய அனுபவம். மகளின் பூப்போட்ட துப்பட்டாவை மாற்றச்சொல்லி மறுபடி எடுத்தார். சிவப்பு எழுத்து வந்தது. பின்னால் இருந்த திரையை நீக்கி வெள்ளைப் போர்வையைக் கட்டி எடுத்தார். சிவப்பு எழுத்து வந்தது. கம்மலைக் கழற்றச் சொன்னார். அப்போதும் அதே எழுத்துதான்.

“வாப்பா, இனிமே கழிக்கணும்னா என்னையத்தான் கழிக்கணும்” என்றாள் நஸ்ரின். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

முழுசு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். செய்துகாட்டுவதற்கு அல்லாமல், அனுப்புவதற்காகவே முதல் முறையாகச் சுருக்க மவுஸைப் பிடித்தார். ஒரு படி குறைத்தார், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பழையபடி ஆக்கினார். இன்னொரு முறை குறைத்தார். மறுபடி பழையபடி ஆக்கினார். பிறகு என்னை அருகே அழைத்தார்.

“சார், இந்தப் பிள்ளை கண்ணுல ஒரு வெளிச்சம் தெரியுதுல்லா, பொட்டு மாதிரி? அது நம்ம ஸ்டூடியோ ஜன்னலு. சுருக்குனா அது போயிரும் சார்.”

நான் குனிந்து பார்த்தேன். ஜன்னலின் கம்பி கூடத் தெரிந்தது.

நஸ்ரின் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வற்புறுத்தவில்லை, அழவில்லை. கழற்றிய கம்மலை உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்துகொண்டிருந்தாள். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“பாய், எழுந்திரும். முருகேசன் கடைக்குப் போவோம்” என்றேன்.

“நான் வர மாட்டேன் சார்.”

“அப்படியானால் நானும் நஸ்ரினும் போகிறோம்.”

முழுசு எழுந்து, படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு மகளிடம் கொடுத்தார்.

“வாரேன். ஆனா பாக்க மாட்டேன்.”

மூவரும் தெருவைக் கடந்தோம். முழுசு வருவதைக் கண்ட முருகேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். வெற்றிக்குரிய வார்த்தை ஒன்றை எதிர்பார்த்தேன்; அவர் சொல்லவில்லை. நஸ்ரின் மட்டும் உள்ளே போனாள். முழுசு, குழந்தைக்கு ஊசி போடும்போது வாசலுக்கு வந்துவிடுகிற தகப்பனைப்போல, திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றார்.

உள்ளேயிருந்து முருகேசனின் குரல் வந்தது.

“மாமா, அசலு அப்படியே தனியா இருக்கு. நகல்லதான் கை வைக்கேன்.”

“எனக்குத் தெரியாதாவே?” என்றார் முழுசு, திரும்பாமலே. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “பைய செய்யும். கண்ணுப் பக்கம் பாத்து” என்றார்.

“கண்ணை நான் தொடவே இல்ல மாமா.”

அது உண்மையாக இருக்க முடியாது என்பது முழுசுவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மவுஸின் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டது. நஸ்ரின் வெளியே வந்தாள்.

“வாப்பா, படம் போயிட்டு. ஏத்துக்கிட்டு.” தகப்பனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “வலிக்கல” என்றும் சொன்னாள்.

முழுசு அப்போதுதான் திரும்பினார். அச்சிட்ட படத்தைச் சரிபார்ப்பதுபோல் மகளை நெற்றியிலிருந்து முகவாய்வரை பார்த்தார். “கம்மலப் போடுட்டி” என்றார்.

நஸ்ரினுக்கு இடம் கிடைத்தது. இன்று அவள் மதுரையில் ஒரு கல்லூரியில் பேராசிரியை. முழுசு ஸ்டூடியோவை மூடிவிட்டு மகளோடு இருக்கிறார். முருகேசனின் கடையும் இப்போது இல்லை. நம்மைக் கேட்காமலே படங்களைச் சுருக்கி அனுப்பிவிடுகிற கைப்பேசிகள் வந்தபின் அந்தக் கடைக்கு வேலையில்லாமல் போயிற்று. அந்தத் தெருவில் எதையும் சுருக்குவதற்கோ, சுருக்க மாட்டேன் என்று சண்டை போடுவதற்கோ இன்று ஆள் கிடையாது. மாலை நடையில் நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டுவிட்டேன்.

முடிப்பதற்குமுன், அன்றைய நிகழ்ச்சியைப் பற்றி ஊரில் உலவும் ஒரு பேச்சைத் திருத்துவது என் கடமை. முருகேசன் கடை வாசலில், முழுசுவுக்குப் பக்கத்தில், நானும் கதவுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதாகச் சொல்கிறார்கள். கண்ணை மூடியது பொய். நின்றது உண்மை. அந்த வழியே வந்த என் வங்கியின் பழைய வாடிக்கையாளர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “மேனேஜர் சார், இங்கன என்ன செய்யுதீங்க?” என்று கேட்டார்.

“ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கிறேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், முழுசுவைப் பார்த்தார். “சரி சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார். அந்தத் தெருவில் பஸ் வருவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.