கிராம்பு டப்பா

மூன்றாவது கிராம்பையும் கடித்து விழுங்கிவிட்டுத்தான் கல்யாணராமன் தன் வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தினார். அழுத்திய விரலை மோந்து பார்த்தார். சிகரெட் வாசனை. சட்டென்று கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஏன்னா, கைக்கு என்ன?" என்றாள் மனைவி ராஜி, கதவைத் திறந்தபடி.

"குளிர்றது."

"ஜூலை மாசத்துலயா?"

அவர் குளியலறைக்கு ஓடினார். இரண்டு வருஷமாக இதே ஓட்டம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ராஜி மலை மந்திர் கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். "இவர் சிகரெட்டை விட்டா, நான் காபியை விட்டுடறேன்." கும்பகோணத்துக்காரி காபியை விடுவதென்றால் சும்மாவா? நெகிழ்ந்துபோன கல்யாணராமன் அன்றே பாக்கெட்டைக் குப்பையில் வீசினார். பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் ஆபீஸ் மாடிப்படிக்குப் பின்னால் ஒன்றைப் பற்ற வைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வீட்டுக்கு வந்தால், ராஜி டம்ளரில் வெந்நீரை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கு வாய் வரும்?

போதாக்குறைக்கு, இப்போது கொஞ்ச நாளாகச் செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் கோயிலுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புகிறாள். முருகனுக்கு நன்றி சொல்லவாம். அந்த நாட்களில் அவர் இரண்டு சிகரெட் அதிகமாகப் பிடித்தார், குற்ற உணர்ச்சி தாங்காமல்.

அவளுக்குத் தெரியாமல் நிஜமாகவே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அவள் குடித்த வெந்நீரெல்லாம் பாவக் கணக்கில் சேரும்.

முதலில், வீடு இருந்த ஆர்.கே.புரத்துக்குப் பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். புகைப்பழக்கப் பிரிவின் வரிசையில் நின்று ஐந்து நிமிஷம் ஆகவில்லை, முதுகில் ஒரு தட்டு விழுந்தது. மாடி வீட்டுப் பத்மநாபன்.

"என்ன ஓய், உடம்புக்கு?"

"பல்வலி!"

அவர் வீடு திரும்புவதற்குள் பல்வலி வீட்டுக்குப் போய்விட்டது. மூன்று நாள் வெறும் கஞ்சி. அந்தக் கடுப்பில் தினம் நாலு சிகரெட் ஏழாயிற்று.

அடுத்து, போனிலேயே ஆலோசனை தரும் ஓர் உதவி எண்ணில் பதிவு செய்தார். அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து அழைப்பு வந்தது. ராஜி எடுத்தாள்.

"ஏன்னா! யாரோ அனன்யாவாம். இன்னும் ஆசை இருக்கா, காலம்பற ஜாஸ்தியா, ராத்திரி ஜாஸ்தியான்னு கேக்கறா!"

சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தார். "கிரெடிட் கார்டு கம்பெனி! கார்டு வாங்க ஆசை இருக்கான்னு கேப்பா!"

"ராத்திரி ஜாஸ்தியாவா?"

ஏழு சிகரெட் பத்தாயிற்று.

அன்று சமையலறையில் கிராம்பு டப்பாவைத் திறந்தால் காலி. போன வாரம் வாங்கியது! ராஜியும் எப்போதாவது ஒன்றிரண்டு மெல்லுவாள். காபி இல்லாமல் வாய் நமநமவென்கிறதாம், பாவம். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியபோது, அடியில் விரித்திருந்த காகிதம் கையோடு வந்தது. ஹிந்தி நோட்டீஸ். 'பீடி, சிகரெட், மொபைல், சூதாட்டம், விட முடியாத எந்தப் பழக்கமானாலும் இலவச சிகிச்சை. செவ்வாய், சனி மட்டும்.' ஹரியானாவில் ஏதோ ஒரு கிராமம். அங்கே எந்தப் பத்மநாபன் வரப்போகிறார்? முருகன் செயல் என்று காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சனிக்கிழமை ஆபீஸ் போகணும், ராஜி. பார்லிமெண்ட் கேள்விக்குப் பதில் தயாரிக்கணும்."

"பேஷா போங்கோ. மெதுவாவே வாங்கோ," என்றாள். குரலில் ஏனோ ஓர் உற்சாகம்.

இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ, வழிவிடாத ஓர் எருமை எல்லாவற்றையும் தாண்டிச் சிகிச்சை மையத்தை அடைந்தார். வாசலில் கயிற்றுக் கட்டிலில் நாலு பெரியவர்கள் ஹுக்கா பிடித்துக்கொண்டிருந்தார்கள். பீடியை விடுவதற்காகச் சிகிச்சைக்கு வந்தவர்களாம்.

"அப்போ இது?" என்றார் கல்யாணராமன் ஹிந்தியில்.

"ஹுக்கா ஒரு பழக்கமே இல்லை பாய்சாப், அது மரியாதை. வாங்க, உட்காருங்க!"

மரியாதையைத் தட்ட முடியவில்லை. மூன்று இழுப்பு இழுத்து, இருமிக்கொண்டே உள்ளே போனார்.

பிரதீப் என்ற ஊழியன் பதிவேட்டை நீட்டினான். "பேர்?"

"முருகன்," என்று கூசாமல் சொன்னார். அடுத்து விலாசத்தை அவரே எழுத வேண்டும். வாய் பொய் சொல்லும்; முப்பது வருஷம் சர்க்கார் படிவம் நிரப்பிய கை சொல்லுமா? செக்டர், பிளாக், குவார்ட்டர்ஸ் நம்பர், பின்கோடு வரை பிசகாமல் எழுதிவிட்டுத்தான் நின்றது.

பிரதீப் அதைப் படித்தான். புருவத்தை உயர்த்தினான். பதிவேட்டில் நாலு பக்கம் பின்னால் புரட்டினான். கல்யாணராமன் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, இங்கே எல்லாம் ரகசியம்தானே? என் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்."

பிரதீப் நெஞ்சில் கை வைத்தான். "பக்கா ரகசியம், அங்கிள்ஜி! நீங்க எழுதின இதே குவார்ட்டர்ஸ் நம்பர்லேருந்து ஒரு மேடம் ரெண்டு மாசமா செவ்வாய்க்கிழமை தவறாம வர்றாங்க. வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டார்னு சாமிகிட்ட வேண்டினபடி காபியை விட்டுட்டு, கிராம்பை மென்னுக்கிட்டே திருட்டுத்தனமா தினம் மூணு டம்ளர் குடிக்கிறாங்களாம். இதுவரைக்கும் அந்த வீட்டுக்காரர்கிட்டகூட நாங்க மூச்சு விடலையே!"