நார் போட்டுக் கட்டிய தோட்டம்

பூ விற்றவளுக்குச் செடியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவளைப் பிடித்துக் கடலில் தள்ளிப் பாருங்கள், அந்த நம்பிக்கை எத்தனை தூரம் நீந்தும் என்று தெரியும். ஊர் நம்பினதுகூடப் பரவாயில்லை. நானும் நம்பினேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது.

மயிலாப்பூர் மாட வீதியில் நாற்பது வருஷம் பூக்கடை போட்டவள் நான். என் முடிச்சு தனி முடிச்சு. இரண்டு சுற்று சுற்றி இடது பக்கம் ஒரு இழுப்பு. பூ உதிர்ந்தாலும் நார் அவிழாது. ஆனால் நான் பார்த்த பூவெல்லாம் சந்தையிலிருந்து மூட்டையில் வந்த பூ. அது எந்தச் செடியில், எப்படி நின்றது என்று நான் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை. வீட்டில் ஒரு துளசி இருந்தது. அதற்கும் மருமகள்தான் தண்ணீர் ஊற்றினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முட்டி தேய்ந்து போய், கடைப் பலகையில் மருமகள் தேவி உட்கார்ந்தாள். "அத்தே, நீ வூட்ல குந்திக்கினு டிவி பாரு" என்றாள். டிவியில் ஒருத்தி தன் ஓரகத்திக்குப் பாலில் விஷம் கலக்கப் போனாள். இரண்டு மாதமாகப் போய்க்கொண்டே இருந்தாள், கலந்தபாடில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். காலையில் எழுந்து, நல்ல புடவையாகக் கட்டி, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போக ஓர் இடம்.

அப்போதுதான் ரமணி மாமி கடைக்கு வந்தாள். முப்பது வருஷ வாடிக்கை. அடையாற்றுக்குக் குடிபோன பிறகும் பூவுக்கு என்னிடம்தான் வருவாள். அவள் இருக்கிற அடுக்குமாடியில் குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். அன்றைக்கு நானும் கடையோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"வருஷா வருஷம் செடி வெக்கறோம். வெயில்ல கருகறது, மழைல அழுகறது. இந்தத் தடவை வருஷக்கணக்கா தானா நிக்கற செடி, புல்லு, ஃபெர்ன்னு வெக்கலாம்னு இருக்கோம். தெரிஞ்சவா யாராவது வந்து பாத்துப் பொறுக்கித் தரணும்" என்று புலம்பினாள்.

"நான் இன்னாத்துக்கு கீறேன் மாமி?" என்றேன்.

(அந்த வாயை அப்போதே தைத்திருக்கலாம். நார் கையில்தான் இருந்தது.)

மாமிக்குச் சந்தோஷம். "நன்னா வந்துடுத்துன்னா தோட்டத்தையே நீ பாத்துக்கோ. நிழல்ல ஒரு நாற்காலி போட்டுத் தரேன்" என்றாள்.

நாற்காலி! நாற்பது வருஷம் பலகையில் உட்கார்ந்தவளுக்கு நாற்காலி. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லாருக்கும் நான் அடையாற்றில் கார்டன் இன்சார்ஜ். தேவி மட்டும் கேட்டாள், "அத்தே, உனக்கு செடி தெரியுமா?"

"பூவே தெரியும், செடி தெரியாதா? போடி."

மறுநாள் மாமியின் காரில் நர்சரிக்குப் போனோம். பச்சை வலைக்கு அடியில் வரிசை வரிசையாகத் தொட்டி. நர்சரிக்காரர் தலையில் பெரிய தொப்பி வைத்துக்கொண்டு முதலில் எங்களுக்குக் காட்டியது என்ன தெரியுமா? புல். தொட்டியில் புல்!

"இன்னா நைனா இது?"

"அலங்காரப் புல்லும்மா. காத்துல அழகா ஆடும்."

"காத்துல ஆடாத புல்லு எங்கனா கீதா?"

அது இடுப்புயரம் வளருமாம், நுனியில் நாய் வால் மாதிரி குஞ்சம் விடுமாம். துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு அதற்குத் தொட்டி வேறு. நான் அதை விரலால்கூடத் தொடவில்லை. மாமிதான் வெட்கத்தோடு ஆறு எடுத்து வைக்கச் சொன்னாள்.

அடுத்தது ஃபெர்ன். குழாய் ஒழுகுகிற சுவரில் யாரும் கூப்பிடாமல் முளைக்குமே, அந்தச் சாதி. முப்பது தொட்டி.

"இது பூக்குமா?"

"பூக்காதும்மா."

"காய்க்குமா?"

"காய்க்காது."

"அப்பறம் இன்னாத்துக்கு உயிரோட கீது?"

தொப்பிக்காரர் யோசித்தார். அதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. அதற்குள் நான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். முதுகு முழுக்கப் பழுப்புப் புள்ளி.

"மாமி! இங்க பாருங்க. சொறி புடிச்ச சரக்கை நம்ம தலையில கட்டறான்!"

"அது சொறி இல்லம்மா. விதை மாதிரி. அதுலேர்ந்துதான் புதுச் செடி வரும்."

"பூவே பூக்காததுக்கு விதையா? கண்ணாலம் ஆவாமலே புள்ளையா? மாட வீதில நாப்பது வருஷமா குந்திக்கினு கீறேன், என்கிட்டயே சொல்றியா?"

மாமிக்கு இருமல் வந்துவிட்டது. (அவர் சொன்னதுதான் சரி என்று பிற்பாடு பலபேர் எனக்கு விளக்கினார்கள். இலையின் முதுகில் பிள்ளை பெறுகிற அந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றுவரை உடன்பாடு இல்லை.)

வழியோரம் பதிக்கக் கல் பார்க்க மாமியை அவர் அந்தப் பக்கம் கூட்டிப் போனார். நானும் முப்பது ஃபெர்னும் தனியாக இருந்தோம்.

கோயம்பேட்டுப் பூச்சந்தையில் ஒரு சட்டம் உண்டு. மேலே தெரிகிற பூவை நம்பாதே. மேலே ஒரு சாண் இன்றைய பூ இருக்கும், அடியில் நேற்றைய அழுகல் இருக்கும். முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு, அடிச் சரக்கை எடுத்து முகர்ந்து பார்க்காமல் நான் எதையும் வாங்கியதில்லை. இங்கே மட்டும் விடுவேனா? முதல் செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தேன். வந்துவிட்டது. அடியில் கறுப்பாக, சுருட்டை சுருட்டையாக, அழுகின தேங்காய் நார் மாதிரி ஒரு பந்து.

பார்த்தீர்களா, அடிச் சரக்கு!

உட்கார்ந்து ஆய ஆரம்பித்தேன். கீரை ஆய்கிற மாதிரி நிதானமாக, ஒரு அவசரமும் இல்லாமல், அந்த நாரையெல்லாம் பிய்த்து எறிந்தேன். சொறி இலைகளையும் கிள்ளினேன். சுத்தமான செடியைத் தொட்டியில் திரும்பச் செருகி மண்ணைத் தட்டினேன். முப்பது தொட்டி. திரும்பி வந்த தொப்பிக்காரர், "இலை கொறைஞ்ச மாதிரி இருக்கே" என்றார்.

"சுத்தம் பண்ணிக் கீறேன்" என்றேன், பெருமையாக.

அடையாற்றில் வாட்ச்மேன் பெருமாள் குழி தோண்டினார், நான் நாற்காலியில் உட்கார்ந்து நடச் சொன்னேன். தண்ணீர் மட்டும் நானே தெளித்தேன், மல்லிகைக்குத் தெளிப்பது போல, விரலை நனைத்து இலைமேல் ஒரு உதறல்.

"அடியில ஊத்தணும் ஆயா" என்றார் பெருமாள்.

"அடியில இன்னா கீது, ஊத்தறதுக்கு?" என்றேன். (நியாயமான கேள்விதான். அடியில் நான் ஒன்றும் விட்டு வைக்கவில்லையே.)

நாலாம் நாள் தலை தொங்கியது. "புது மருமக மாதிரி மாமி, மொத வாரம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கும்" என்றேன். ஒரு வாரத்தில் முப்பதும் காய்ந்து அப்பளம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தோட்டம் திறப்பு விழா, ரிப்பன் வாங்கியாயிற்று. என் கண்ணில் தோட்டம் தெரியவில்லை. நாற்காலிதான் தெரிந்தது, யாரோ அதை மடக்கி உள்ளே எடுத்துப் போகிற மாதிரி.

ஞாயிறு விடிந்ததும் மாட வீதியில் பூங்கொத்து கட்டுகிறவனிடம் போனேன். கொத்துக்கு ஓரத்தில் பச்சையாக ஓர் இலை வைப்பான், அதே சாதி இலை. ஒரு கட்டு வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். எட்டு மணிக்குள், முப்பது காய்ந்த தண்டிலும் பச்சை இலையை வைத்து வாழை நார் போட்டுக் கட்டிவிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

மூன்றாம் மாடியில் இருக்கிற ரிட்டயர்டு இன்ஜினியர் ரிப்பன் வெட்டினார். கைதட்டினார்கள். அத்தோடு மேலே போயிருக்கலாம் மனிதர். "அடடா, என்ன பசுமை!" என்று குனிந்து ஒரு செடியைத் தடவினார். இலை மொத்தமும் கொத்தாக அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தனக்குத்தான் பூங்கொத்து கொடுக்கிறார்கள் என்று நினைத்து, "ரொம்ப நன்றிம்மா" என்றார். மறுபடி கைதட்டல்.

மாமி மட்டும் தட்டவில்லை. அந்தக் கொத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷமாகத் தினம் காலையில் சாமி படத்துக்கு என் பூவைக் கத்தரித்துப் போட்டவள் அவள்.

"கன்னிம்மா, இது உன் முடிச்சுன்னோ?"

"சிலந்தி கட்டி இருக்கும் மாமி."

(நான் விற்றதிலேயே மட்டமான சரக்கு அந்தப் பொய்தான்.)

மாமி குனிந்து தண்டைப் பிடித்து இழுத்தாள். மொட்டையாக வந்தது. "வேர் எங்கடி?"

"சுத்தம் பண்ணிட்டேன் மாமி."

நாலு மாடியும் சிரித்தது. இன்ஜினியருக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, உட்கார வைத்தார்கள். எதில்? என் நாற்காலியில்.

நாலு நாள் வீட்டோடு கிடந்தேன். டிவியில் அவள் பாலைக் கலக்க ஆரம்பித்திருந்தாள். ஐந்தாம் நாள் மாமி வீட்டுக்கே வந்துவிட்டாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நான் எழுந்திருக்கவில்லை.

"அந்த ஆறு புல்லும் ஜம்முனு நிக்கறதுடி. ஏன் தெரியுமா? அதுகளை நீ சீந்தவே இல்லை. நீ தொடாததெல்லாம் பொழைச்சுடுத்து" என்றாள். பிறகு, "புது ஃபெர்ன் வந்தாச்சு. கண்டவா மிதிக்காம, நாய் வராம பாத்துக்க ஒரு ஆள் வேணும். நாற்காலி அங்கேயேதான் இருக்கு. ஒரே கண்டிஷன், உன் கை மடியில இருக்கணும்" என்றாள்.

போகிறேன். மூன்று வருஷமாகப் போகிறேன். ஃபெர்ன் மண்டிக் கிடக்கிறது, இலை முதுகில் சொறியோடு. அந்தப் புல் என் இடுப்புக்கு வளர்ந்து, நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதை இன்னமும் பிடிக்கவில்லை, அதற்கும் என்னைப் பற்றி ஒரு அபிப்பிராயம் இருக்கும்.

வீட்டில் தோசை பிய்ந்தால், "அத்தே, நார் குடு, கட்டிடலாம்" என்கிறாள் தேவி. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அத்தைக்கு அடையாறுல வேல" என்பாள். இன்னா வேலை என்று கேட்கத்தானே செய்வார்கள்? "தோட்டத்தைத் தொடாம இருக்கறது."

சிரிக்கட்டும். நான் காலையில் எழுந்து, நல்ல புடவையாகக் கட்டி, "போயிட்டு வரேன்" என்கிறேன். உள்ளேயிருந்து தேவி குரல் கொடுப்பாள், "அத்தே, கையி?"

"மடிலதான்டி கீது" என்று சொல்லிவிட்டுப் போவேன்.