உரிமையாளரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது

"ஒரே ஒரு காப்பிதானே கேட்கிறேன்? நாம பண்ணின கேம் நம்மகிட்டயே இல்லேன்னா எப்படி?" என்றார் மேலாளர்.

உரிமைப் பிரிவு அதிகாரி மேசைமேல் இருந்த காந்த நாடாச் சுருளைக் காட்டினாள். 'கலங்கரை' விளையாட்டின் மூலப்பிரதி அது. முப்பது வருடம் கிடங்கில் கிடந்ததில் பூஞ்சை பிடித்து, தொட்டால் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. மறுவெளியீடு வெள்ளிக்கிழமை என்று விளம்பரமும் போய்விட்டது.

"நெட்ல யாராவது போட்டு வெச்சிருப்பாங்க. அதை எடுத்துடுங்க."

தேடினாள். நாற்பத்தொரு தளங்கள். நாற்பத்தொன்றிலும் ஒரே வாசகம்: 'உரிமையாளரின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது.' கீழே அவளுடைய பெயர். எட்டு வருடமாக, திருட்டு காப்பிகளை நீக்கச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவதுதான் அவள் வேலை. பழைய விளையாட்டுகளைச் சேர்த்து வைப்பவர்கள் அவளுக்கு 'நோட்டீஸ் அக்கா' என்று பட்டப்பெயரே வைத்திருந்தார்கள்.

"ஒண்ணைக்கூடவா விட்டு வைக்கலை?"

"அதுக்குத்தானே சார் போன வருஷம் எனக்கு விருது குடுத்தீங்க?"

"வெள்ளிக்கிழமை கேம் வரலேன்னா, திங்கட்கிழமை நீங்க வர வேண்டாம்."

கடைசியாக நோட்டீஸ் வாங்கியவர், பழைய விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒரு மெக்கானிக். அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, கலங்கரை கேம் உங்ககிட்ட இன்னும் இருக்கா?"

"ஐயோ, சத்தியமா இல்லைங்க! நோட்டீஸ் வந்த அன்னிக்கே அழிச்சிட்டேன்!"

"பயப்படாதீங்க. இருந்தா நல்லதுன்னுதான்..."

"இப்படிப் பேசித்தான் வாயைப் பிடுங்குவீங்கன்னு தெரியும்!" என்று போனை வைத்துவிட்டார்.

அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று, கம்பெனி முத்திரை போட்ட தாளில் கனிவாக ஒரு கடிதம் எழுதி ஆளிடம் கொடுத்தனுப்பினாள். உறையில் முத்திரையைப் பார்த்ததும் மெக்கானிக் பட்டறைக் கதவைச் சாத்தினார். கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. கலங்கரையை ஒளித்து வைத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் சுத்தியலால் நொறுக்கிவிட்டார்.

அவளே நேரில் போனாள். அவர் பட்டறை வாசலிலேயே ஒரு தட்டில் தூளை வைத்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க மேடம், மொத்தமும் போச்சு. இனிமேலாவது என்னை விட்டுடுங்க."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேவிட்டாள். விஷயத்தைக் கேட்டு முடித்தவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் அழவேண்டிய அழுகையை நீங்க அழறீங்க. அந்தக் கேம் மெஷின்ல இருந்த சர்க்யூட் பலகை மூணு இருக்குங்க. ஆனா மூணும் குத்துயிரும் குலையுயிருமா கிடக்கு."

மூன்று இயந்திரங்களிலிருந்து கழற்றிய மூன்று பலகைகளை மேசையில் பரப்பினார். அவற்றிலிருந்த சில்லுகளின் முதுகில் பொட்டளவு கண்ணாடிச் சன்னல். உள்ளே லட்சக்கணக்கான நுண்ணறைகள். அறையில் மின்னூட்டம் அடைபட்டிருந்தால் பூஜ்யம். காலியாக இருந்தால் ஒன்று. கடல், படகு, இசை எல்லாமே இந்த இரண்டின் வரிசைதான். ஆனால் அறைகள் கசியும். முப்பது வருடத்தில் மின்னூட்டம் ஒழுகி, அங்கங்கே சில பூஜ்யங்கள் 'ஒன்று' என மாறிவிட்டிருந்தன.

"அப்ப மூணுமே தப்புதானே?"

"தப்புதான். ஆனா மூணும் ஒரே இடத்துல தப்பாகணும்னு இல்லையே? ஒவ்வொரு அறைக்கும் ஓட்டுப் போட வைப்போம். ரெண்டு பலகையாவது ஒரே மாதிரி என்ன சொல்லுதோ, அதுதான் நிஜம்."

அவள் பலகைகளைக் குனிந்து பார்த்தாள். மூன்று பொய்களை அருகருகே வைத்தால் உண்மை எழுந்து நிற்குமா?

மறுநாள் காலை கம்பெனிக் கூட்ட அறையில் அது எழுந்து நின்றது. ஓட்டில் ஜெயித்த வரிசையை மடிக்கணினியில் ஏற்றி, பழைய இயந்திரத்தைப் போலவே நடிக்கும் மென்பொருள் ஒன்றை மெக்கானிக் ஓடவிட்டார். தனக்குத் தீனி போடுவது இன்றைய கணினி என்பதே தெரியாமல் விளையாட்டு கண்விழித்தது. கரிய திரையில் ஒரு புள்ளி ஒளி. அது மெல்லச் சுழன்று கோபுரமானது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் கடல் பிறந்தது. வெளிச்சம் நகர்ந்ததும் கடல் மறைந்தது. நடுவில் நகத்தளவு படகு. நாற்பத்தொரு முறை அவள் அழித்த விளையாட்டு. இன்றுதான் முதல்முறை பார்க்கிறாள்.

"இவ்வளவும் அந்தச் சன்னலுக்குள்ளயா இருந்தது?" என்றாள்.

மேலாளர்கூட ஒரு நிமிடம் வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு மூடிக்கொண்டார்.

"சார், நானும் ஒரு காப்பி வெச்சுக்கட்டுமா? உங்க கிடங்குல மறுபடி பூஞ்சை பிடிச்சா உதவுமே," என்றார் மெக்கானிக்.

"அதெப்படி? உரிமை எங்களோடது. பலகையையும் வெச்சுட்டுப் போங்க. எங்க இயந்திரம் உங்க கைக்கு எப்படி வந்தது?"

"பழைய சாமான்னு நீங்கதானே சார் வித்தீங்க?"

"சார், வேண்டாம் சார். அவர் இல்லேன்னா இது அழிஞ்சே போயிருக்கும்," என்றாள் அவள்.

"நீங்க சும்மா இருங்க. வித்ததுக்குப் பத்திரம் இருக்கான்னு பார்த்துடுவோம்."

ரெக்கார்டு ரூம் குமாஸ்தாவுக்கு ஆள் போனது. அரை மணி நேரத்தில் அவர் தூசி தட்டிக்கொண்டே வந்தார். ஒரு தாளை மூக்கருகே பிடித்து ஒருமுறை படித்தார். மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பதினாலு வருஷம் முன்னாடி இவருக்கு வித்தது நிஜம்தான் சார். ஆனா இந்தப் பத்திரத்தை எழுதினவர், வீடு விக்கிற பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கார். 'மேற்படி இயந்திரங்களையும், அவற்றினுள் அடங்கிய சகலத்தையும், சகல உரிமைகளோடும்'னு இருக்கு. பதினாலு வருஷமா கேமுக்கு ஓனர் இவர்தான் சார். இந்த ரூம்ல திருட்டு காப்பி வெச்சிருக்கிறது நாமதான்."