பிரஷர் சாரும் சிவந்த நாக்கும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிரஷர் சாரிடம் கையை நீட்டாத உயிர் எதுவும் கிடையாது. வாழையிலைக் கடை முதலாளி, பூ கட்டும் அக்கா, கேஸ் கொண்டுவருபவர் என்று எல்லோர் கையிலும் அவருடைய பிரஷர் அளக்கும் பட்டை ஏறி இறங்கியிருக்கிறது. லிஃப்டில் மாட்டினால் என் மாடி வருவதற்குள் அளந்துவிடுவார்.

பல்கலைக்கழகத்தில் எலிகளுக்கு ஸ்டீராய்டு ஹார்மோன் கொடுத்து, ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று ஆராய்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு எலிகள் இல்லை. எங்கள் பிளாட் இருந்தது.

“ரத்தக்குழாய் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும்யா. அதோட உள்சுவர்லேருந்து நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு வந்து, ‘போதும் லா, விடு’ன்னு சொல்லும். உடனே தளர்ந்துடும். ஸ்டீராய்டு அதிகமானா அந்தக் குரலை அமுக்கிடும்.”

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவர் மனைவி லலிதா ஆன்டிக்கு மூட்டுவாதம் வந்து, அதே ஸ்டீராய்டு மாத்திரையாக வீட்டுக்குள் வந்ததும் சிரிப்பு நின்றது. மாத்திரையை விட்டால் ஆன்டியால் விரலை மடக்க முடியாது. சாப்பிட்டால் பிரஷர் ஏறியது.

சார் காய்கறிப் பாசாரிலிருந்து பீட்ரூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தார். அதிலுள்ள நைட்ரேட் உடம்பில் அதே வாயுவாக மாறுமாம். “குடிக்கட்டும், ஆனா பிரஷர் மருந்தை விடக்கூடாது” என்றார் டாக்டர். தினமும் மாலை ஒரு டம்ளர் குடித்தும் எண் இறங்கவில்லை. ஆன்டியை அளந்து அளந்து சாருக்கு ஏறியதுதான் மிச்சம்.

ஒருநாள் நான் அங்கே இருந்தபோது, ஆன்டி ஜூஸைக் குடித்த கையோடு குளியலறைக்குள் போய்க் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

“என்னம்மா அது?” என்றார் சார்.

“மவுத்வாஷ்ங்க. பஜனையில வாயைத் திறந்தேன், நாக்கு காளியாத்தா மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. அதுலேருந்து குடிச்சதும் கொப்பளிச்சிடுவேன்.”

சார் சோபாவில் சரிந்தார். “வாயில இருக்கிற கிருமிதான்மா அந்த நைட்ரேட்டை முதல்ல மாத்தணும். அதைப் போய்த் தினமும் கொல்றியே.”

“கிருமிக்கு வக்காலத்து வாங்குற புருஷன் உலகத்துல நீங்க ஒருத்தர்தான்.” ஆன்டி சிரித்தாள். பிறகு தன் விரல்களைப் பார்த்தாள். “ஆர்மோனியம் வாசிக்கிறது போயிடுச்சு. பாட்டையும் விட்டுடவாங்க?”



அந்த வெள்ளிக்கிழமை பஜனையில் சார் முதல் வரிசையில் உட்கார்ந்து, சுருதி என்ற ஒன்று பிறக்காத உலகத்திலிருந்து வந்தவர்போல வாயை அகலத் திறந்து பாடினார். உள்ளே நாக்கு செம்பருத்தியாகப் பூத்திருந்தது. எதிரே இருந்த ஆன்டி பார்த்தாள். கொப்பளிக்காத சிவந்த நாக்கோடு மெல்ல வாயைத் திறந்தாள். அவள் குரலில் கூடம் நிறைந்தது.

பிறகு எண் கொஞ்சம் இறங்கியது. பீட்ரூட்டா, டாக்டர் அளவைக் கூட்டிய மருந்தா, பாட்டா? எலிகள் இல்லாமல் சாரால் நிரூபிக்க முடியவில்லை.

அடுத்த வெள்ளி நானும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.